வெள்ளிக்கிழமைகளில் வரும் அம்மா

அம்மாவுக்குப் பள்ளிக்கூட அதிபர் நியமனம் கிடைத்தபோது நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவர் வட்டுக்கோட்டையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். போட்டிப் பரீட்சை எழுதியதை அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சித்தியடைந்ததையும் சொல்லவில்லை. நியமனம் வன்னியில் என்று தெரிந்த பிறகுதான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாய் திறந்தார். மாங்குளத்தில் இறங்கி இன்னொரு பஸ் எடுத்து, அதற்கு மேலும் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனால்தான் போய்ச் சேரலாம் என்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடம். சொன்ன கையோடு, "நான் மாட்டன் எண்டு எழுதிக் குடுக்கப்போறன்" என்றார்.

"ஏன் மாட்டீர்?" என்று அப்பா கேட்டார்.

"இதென்ன கேள்வி? திங்கள் போனால் வெள்ளிதான் வரலாம். பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"நான் பாப்பன்."

அம்மா சிரித்தார். அண்ணையும் நானும் சேர்ந்து சிரித்தோம். அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளர். இருபது வருடமாக ஊருக்கே அரிசியும் பருப்பும் விற்றவர். அரிசியைக் கையில் எடுத்து மணந்து பார்த்தே எந்தப் பக்கத்து நெல் என்று சொல்லுவார். ஆனால் அந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தேத்தண்ணிகூடத் தானாக ஊற்றிக் குடித்ததை நாங்கள் கண்டதில்லை.

அப்பா சிரிக்கவில்லை. "குமாரி, நீர் படிச்சு எழுதிப் பாஸ் பண்ணினது வீட்டிலை இருக்கிறதுக்கோ? நீர் போம். நாங்கள் மூண்டு பேரும் பட்டினி கிடந்து சாக மாட்டம்" என்றார்.

தேவகுமாரி என்பது அம்மாவின் முழுப்பெயர். அப்பா குமாரி என்று கூப்பிட்டால் அதில் ஒரு முடிவு இருக்கும். அம்மா ஒரு கிழமை யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்த பிறகும் கனநேரம் தலைகுனிந்து இருந்தார். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை விடிய முதல், அப்பா அவரை மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு ஏற்றிப்போனார்.

குளிர்ப்பெட்டிக்குள் மூன்று நாளைக்குக் கறி இருந்தது. நாங்கள் இரண்டு நாளில் சாப்பிட்டு முடித்துவிட்டோம். புதன்கிழமை அப்பா சோறு காய்ச்சினார். அடி கருகியிருந்தது, நடு களியாக இருந்தது, மேலே அரிசியாகவே இருந்தது. ஒரே பானைக்குள் மூன்று விதமான சோறு என்று ஜெனுஷன் அண்ணை சொன்னான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது, எதற்கும் பகிடி விடுகிற வயது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோவை மறித்து ஒரு றாத்தல் பாணும் மீன் அடைத்த மாலுபாணும் வாங்கி வந்தார்.

பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமி மதிலுக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஒரு சட்டி முருங்கைக்காய்க் கறி வந்தது. அதற்கடுத்த நாள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வந்தன. மாமிக்கு நல்ல மனம். வாயும் நல்ல நீளம். "மனிசி விட்டிட்டுப் போனாப் பிறகு நோர்மன் பாவம், வாடிப்போனார்" என்று அவர் அப்பாவைப் பற்றித் தெருவில் யாருக்கோ சொன்னது எங்கள் யன்னலுக்குள் தெளிவாகக் கேட்டது.

அன்று பின்னேரம் அப்பா கழுவித் துடைத்த சட்டிகளைக் கொண்டுபோய் மாமியிடம் கொடுத்தார். நானும் கூடப் போனேன்.

"மாமி, கறி நல்ல ருசி. இனி அனுப்பாதேங்கோ, குறை நினைக்காதேங்கோ."

"ஏன் தம்பி, என்ன பிழை செய்தனான்?"

"ஒரு பிழையும் இல்லை. உங்கடை கறி வந்தால் நாங்கள் பழக மாட்டம். பசிச்சால்தான் பழகுவம்."

மாமி என்னைப் பார்த்து, "கொப்பருக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டார். எனக்கும் அப்போது அதே கேள்விதான் இருந்தது.

அம்மா இருந்த இடத்தில் கைபேசிக்கு இணைப்புக் கிடைப்பது கடினம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளக்கட்டில் ஏறி நின்றால் மட்டும் கதைக்கலாம். பின்னேரம் ஆறு மணியளவில் அவர் எடுப்பார். அப்பா கைபேசியைக் குசினி யன்னலில் சாத்தி வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டு, அம்மா சொல்லச் சொல்லச் சமைப்பார். அங்கே காற்று அடிக்கும். பாதிச் சொல் எங்களுக்கு வரும், பாதிச் சொல் குளத்தோடு போய்விடும்.

ஒருநாள் சொதி வைத்தார்கள். தேங்காய்ப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. "இப்ப தேசிக்காய்ப் புளி விடலாம்" என்று அம்மாவின் குரல் வந்தது. "ஆனா முதல்லை..." என்றதோடு அறுந்துபோனது. அப்பா ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு துணிந்து, முழுத் தேசிக்காயையும் கொதிக்கிற பாலுக்குள் பிழிந்தார். எங்கள் கண்ணுக்கு முன்னால் சொதி திரைந்து கட்டிகட்டியாக மேலே வந்தது.

"அப்பா, இது சொதியோ தயிரோ?" என்று அண்ணை கேட்டான்.

அப்போது இணைப்புத் திரும்பி வந்தது. "அடுப்பாலை இறக்கிப்போட்டுத்தான் புளி விடவேணும், விளங்கினதோ?" என்றார் அம்மா.

"வடிவா விளங்கினது" என்றார் அப்பா. நானும் அண்ணையும் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். அந்தச் சொதியை நாங்கள் இடியப்பத்தில் ஊற்றிச் சாப்பிட்டோம். சும்மா சொல்லக்கூடாது, புளிப்பாக இருந்தாலும் சாப்பிடலாம் போலத்தான் இருந்தது.

அப்படியே நாங்கள் பழகினோம். அண்ணைக்குத் தேங்காய் துருவுகிற வேலை வந்தது. முதலில் மூஞ்சையை நீட்டினான். பிறகு புட்டுக் கொத்துவதில் அவனுக்கு ஒரு கெட்டித்தனம் இருப்பதை அவனே கண்டுபிடித்தான். மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, சுண்டினால் உதிர்கிற மாதிரிக் கொத்துவான். யாரும் கிட்டப் போகக்கூடாது. சம்பல் என்னுடையது. அப்பாவுக்குக் கறிகள். விடிய ஐந்து மணிக்குக் குசினியில் வெளிச்சம் எரியும். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டுவார். கண்ணீர் வழிய வழிய எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். அம்மா வீட்டில் இருந்த காலத்தில் அப்பாவோடு நான் இவ்வளவு கதைத்ததே இல்லை. அதற்கு முன்னர் அவர் மாலையில் வந்து பேப்பர் படிக்கிற ஒரு மனிதர். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இருட்டுப் படுகிற நேரத்தில் அம்மா வந்து இறங்குவார். அந்த இரண்டு நாளும் குசினி அவருடையது. திங்கள் விடிய மறுபடியும் எங்களுடையது.

இப்படி ஒரு வருடம் ஓடியிருக்கும். நான் எட்டாம் வகுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றும்போதுதான் கண்டேன். எனக்கு அது என்னவென்று தெரியும். அம்மா முன்னமே இருத்திவைத்து, ஒரு விஞ்ஞான ரீச்சர் சொல்லுகிற மாதிரிப் படம் கீறிச் சொல்லித் தந்திருந்தார். அந்தப் படத்தில் எல்லாம் இருந்தது. அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் இருக்கவில்லை. நான் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

அண்ணை ரியூசனால் வந்து கதவைத் தட்டினான். "ஏன் பூட்டிக்கொண்டு இருக்கிறாய்? பசிக்கேல்லையோ?"

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா."

"ஏன், காய்ச்சலோ?"

"போய்க் கூட்டிக்கொண்டு வா!"

என் குரலில் என்ன இருந்ததோ, சைக்கிள் படலையில் இடிபடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கதவுக்கு வெளியே அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"பிள்ளை, வயித்துக்குத்தோ?"

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"விழுந்திட்டியோ?"

"இல்லை."

அவர் கதவுக்கு இன்னும் கிட்ட வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா சொல்லித் தந்தவாவோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"சரி. அப்ப ஒண்டுக்கும் பயமில்லை. நல்ல விசயம்தான் நடந்திருக்கு. நீ இரு, நான் சங்கானைக்குப் போட்டு ஓடிவாறன்."

அம்மாவுக்கு அந்த நேரம் எடுக்க முடியாது, அவர் குளக்கட்டுக்கு வர இன்னும் நேரம் இருந்தது. அப்பா சங்கானையில் பாமசிக்குப் போனார். திரும்பி வந்து ஒரு பெரிய பையைக் கதவடியில் வைத்துவிட்டு, நான் கதவைத் திறக்கக் கூச்சப்படக் கூடாது என்று நாலடி தள்ளிப்போய் நின்று கதைத்தார்.

"எது சரியெண்டு எனக்குத் தெரியேல்லை பிள்ளை. அங்கை நிண்ட பிள்ளையிட்டைக் கேட்டன். அவள் எல்லாத்தையும் எடுத்துக் காட்டினாள். எல்லாத்திலையும் ஒவ்வொண்டு வாங்கினனான்."

பைக்குள் அந்தக் கடையில் இருந்த அத்தனை வகையும் இருந்தன. அடியில் ஒரு சொக்கிலேற்றும் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். அப்பா இவ்வளவு செய்த பிறகும் எனக்கு அம்மா வேண்டும் போல இருந்தது. அது அப்பாவுக்குத் தெரிந்தால் பாவம் என்றும் இருந்தது.

பிறகு அப்பா மதிலடிக்குப் போய் அருமைநாயகி மாமியைக் கூப்பிட்டார். மாமி வந்து எனக்குத் தலையில் தண்ணீர் வார்த்துத் துடைத்துவிட்டார். நாங்கள் வேதக்காரர், அவர் சைவம். ஆனால் பெட்டை பெரியபிள்ளையானால் தண்ணீர் வார்ப்பதில் இரண்டு வீட்டுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. துடைத்துக்கொண்டே மாமி குசினிப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இப்பிடி ஒரு நேரத்திலை தாய் பக்கத்திலை இல்லாட்டி அது என்ன உத்தியோகம்?"

குசினிக்குள்ளிருந்து அப்பா, "நான் நிக்கிறன்தானே மாமி" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். மாமி பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

அப்பாவும் அண்ணையும் பெரியபிள்ளையானவளுக்குக் கொடுக்கிற உழுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணை யூரியூப்பில் பார்த்து அளவு சொன்னான். உழுத்தம்மா, தேங்காய்ப்பால், பனங்கட்டி. அப்பா மாவை ஒரேயடியாகக் கொட்டியதில் முதல் களி கட்டிபட்டுப்போனது. இரண்டாம் தரம் அண்ணை கரைத்துவிட, அப்பா விடாமல் கிண்டினார். நல்லெண்ணெய் மேலே மினுங்க, ஆவி பறக்க அதை என் அறைக்குக் கொண்டுவந்தது அண்ணைதான். என்னை நேரே பார்க்காமல், "சூடு, பாத்துச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அன்றைக்கு முழுக்க அவன் ஒரு பகிடிகூட விடவில்லை.

ஆறு மணிக்கு அம்மா எடுத்தபோது அப்பா விசயத்தைச் சொன்னார். மறுபக்கத்தில் காற்று மட்டும் கேட்டது. பிறகு, "நான் வாறன்" என்று அம்மா சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில், நான் கட்டிலில் இருந்து மிச்சக் களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வந்தார். பஸ்ஸில் வந்த புழுதியோடு அப்படியே என் பக்கத்தில் இருந்து அழுதார். "நான் நிக்கேல்லையே பிள்ளை. இதுக்குக்கூட நிக்கேல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரைத் தேற்றத்தான் நான் அப்படிச் சொன்னேன். "அழாதேங்கோ அம்மா. நீங்கள் இல்லாட்டியும் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்பா எல்லாம் வடிவாப் பாத்தவர்."

அம்மா அழுவதை நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம், அதுதானே" என்றார். எழுந்துபோய்க் குளித்தார். அதன் பிறகு அந்தக் கிழமை முழுவதும் அவர் அதிகம் கதைக்கவில்லை. குசினிக்குப் போவார், எதையாவது தூக்கி வேறு இடத்தில் வைப்பார், திரும்பி வந்துவிடுவார். நான் ஏதோ நல்லது சொன்னேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வழமையாக அவருடைய பை கட்டிலில் திறந்து கிடக்கும். அன்று பை அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

"நாளைக்குப் போறீரோ?" என்று அப்பா கேட்டார்.

"போய் என்னத்துக்கு?" என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "வந்துதான் என்னத்துக்கு?" என்றார்.

அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் போகவிட வேண்டும் என்பதற்காக நாங்கள் மூன்று பேரும் ஒரு வருடமாக, ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறோம். அம்மா அதை நம்பிவிட்டார்.

நான் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். "அம்மா, அப்பா பையை வைச்சிட்டுப் போனாப் பிறகு நான் அழுதனான்."

"ஏன்?"

"நீங்கள் வேணும் எண்டு. அப்பா பாவம் எண்டுதான் சத்தம் போடாமல் அழுதனான்."

அப்பா, "எனக்குக் கேட்டது பிள்ளை" என்றார்.

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "உதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் வேலையை விட்டிட்டு வந்திடுவியள்."

அண்ணை கதவோரம் நின்று, "எனக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு மாதிரித்தான் இருக்கும்" என்றான். பதினாறு வயதுப் பெடியனுக்கு அதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. சொன்னதும் அவன் காது சிவந்துவிட்டது. "நான் இந்தக் கட்டிலிலை சரியா நித்திரை கொள்ளுறதே இல்லை" என்று அப்பாவும் சொல்லிவைத்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஒருவர் போகவேண்டும் என்று விரும்பலாம், அவர் இல்லாமல் கஷ்டம் என்றும் சொல்லலாம், இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாம் என்பதை நாங்கள் அன்றுதான் படித்தோம்.

அம்மா எழுந்து பையை இறக்கினார். இறக்கியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வாற கிழமையும் பள்ளிக்கூடம் போகமாட்டாய்தானே. என்னோடை வா."

அருமைநாயகி மாமி கேள்விப்பட்டு மதிலடிக்கு ஓடிவந்தார். "குமாரி, உனக்கு விசரோ? தண்ணி வாத்து ஒரு கிழமை ஆகேல்லை. காத்துக் கறுப்புப் பட்டால்?"

"என்ரை கையுக்குள்ளைதான் வைச்சிருப்பன் மாமி" என்றார் அம்மா.

பள்ளிக்கூடம் நான் நினைத்ததைவிடச் சின்னது. நீட்டாக ஒரு கட்டிடம், ஓட்டுக்கூரை, முன்னால் ஒரு பெரிய பாலைமரம். நாங்கள் போய் இறங்கும்போதே பிள்ளைகள் அம்மாவைக் கண்டு "மடம் வந்திட்டா, மடம் வந்திட்டா" என்று ஓடிவந்து பையைப் பறித்தார்கள். அங்கே நான் கண்ட அம்மா எனக்குப் புதிது. வீட்டில் அவர் சத்தம் போட்டுக் கதைத்தால் பக்கத்து அறைக்குக் கேட்காது. இங்கே பாலைமரத்தடியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் குளக்கட்டில் நிற்கிற பெடியன் ஓடிவந்தான். அலுவலக அறையில் கைபேசிக்கு இணைப்பு இல்லாததால், கல்வி அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து, அவர்கள் நேரே வந்தபோது வாதாடிக் கேட்டார். மத்தியானம் பிள்ளைகளோடு நீட்டு வாங்குப் பலகையில் இருந்து சத்துணவுச் சோறு சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும், "ஒரு வீட்டுக்குப் போகவேணும், வா" என்றார். வயல் வரம்பால் நடந்தோம். அது பராசக்தி என்ற ஒரு பெண்ணின் வீடு. அவருடைய மகள் கஜந்தினி என் வயதுதான். பெரியபிள்ளையாகி இரண்டு மாதமாகிவிட்டது, இன்னும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

பராசக்தி கதிரை எடுத்துப் போட்டார். "சடங்கு செய்யாமல் எப்பிடி மடம் வெளியிலை விடுறது? என்ரை தமையன் கனடாவிலை இருந்து வரவேணும். அவர் இன்னும் ரிக்கற் போடேல்லை."

"சடங்கை எப்ப வேணுமெண்டாலும் செய்யுங்கோ, நானும் வந்து சாப்பிடுறன். ஆனா தவணைச் சோதனை மாமன் வரும்வரைக்கும் நிக்காதுதானே."

"ஊர்ச் சனம் கதைக்கும் மடம்."

அம்மா என் தோளில் கைவைத்தார். "இவள் என்ரை மகள். போன செவ்வாய்க்கிழமைதான் இவளும் பெரியபிள்ளையானவள். நான் பக்கத்திலை நிக்கேல்லை, இஞ்சைதான் நிண்டனான். தகப்பன்தான் எல்லாம் பாத்தவர். இப்ப பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு வந்திருக்கிறன். என்ரை ஊர்ச் சனமும்தான் கதைக்குது."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஆனால் பராசக்தி என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இருக்கவில்லை. "தகப்பனோ?" என்று கேட்டார். "களியும் அவரோ கிண்டினவர்?"

"முதல் களி கட்டிபட்டுப் போச்சு" என்றேன் நான். பராசக்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறைக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது.

பெரியவர்கள் கதைக்கட்டும் என்று நான் அறைக்குள் போனேன். கஜந்தினி பாயில் இருந்தாள். இரண்டு மாதமாக வெயில் படாததில் வெளிறியிருந்தாள். தள்ளி இருந்து பாயில் எனக்கு இடம்விட்டாள்.

"மடம் வீட்டிலையும் பேசுவாவோ?" என்று கேட்டாள். ஏச்சுத்தான் அவள் கேட்டது.

"இல்லை. வீட்டிலை பேச மாட்டா."

"எங்களுக்கு நல்லாப் பேசுவா. ஆனா காய்ச்சல் எண்டால் வீட்டை வந்து தலையைத் தடவிப் பாப்பா."

எனக்கு ஒரு கணம் பொறாமையாக இருந்தது. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பாதான் தடவிப் பார்த்தார். ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அம்மாவைப் பற்றிப் பெருமையாகவும் இருந்தது. அவள் தன் படிப்பை விட்ட இடத்தைக் காட்டினாள். நான் எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா வந்து கூப்பிடும்வரைக்கும் இருவரும் பாயில் குப்புறப் படுத்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். அன்று பின்னேரம் பராசக்தி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பை நிறையப் பயற்றங்காய் மட்டும் தந்துவிட்டார்.

திரும்பும் வழியில் குளக்கட்டில் ஏறினோம். அப்பா எடுத்தார். அண்ணை புட்டவித்துவிட்டு ஆட்களைக் காணாமல் இரண்டு பங்கு சாப்பிட்டதாகச் சொன்னார். பாதியில் இணைப்பு அறுந்தது. அம்மா உடனே இறங்கவில்லை. கைபேசியைக் காதில் வைத்தபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டு யன்னலில் அறுந்துபோகிற குரல், இந்தப் பக்கத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று நான் அறிந்திருக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு இஞ்சை விருப்பமோ?"

"ஓம்" என்றார். "உங்களை விட்டிட்டு வாறது விருப்பமில்லை. இஞ்சை வந்தாப் பிறகு விருப்பம்."

நான் வீட்டுக்கு வந்த அடுத்த திங்கட்கிழமை அம்மா வழமையைவிட முந்தி எடுத்தார். எடுத்தவுடன் என்னைத்தான் கேட்டார். "கஜந்தினி இண்டைக்கு வந்தவள். முன் வாங்கிலை இருந்தவள். உனக்குச் சொல்லச் சொன்னவள்."

நான் குசினிக்குள் துள்ளினேன். அப்பா அகப்பையும் கையுமாக, "என்ன, என்ன?" என்று கேட்டார். கஜந்தினி இப்போது கிளிநொச்சியில் தாதியாக வேலை செய்கிறாள். பிறகு மாமன் கனடாவிலிருந்து வந்து செய்த சடங்கின் படங்களை அந்த நாளிலேயே எனக்கு அனுப்பியிருந்தாள். படத்தில் அம்மா பந்தியில் இருந்து சாப்பிடுகிறார்.

அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஐந்து வருடம் இருந்தார். பிறகு வலிகாமத்துக்கு மாற்றம் கிடைத்து வீட்டோடு வந்துவிட்டார். அண்ணை அப்போது பேராதனையில். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்த பிறகு முதல் திங்கட்கிழமை விடிய, நான் தோசைக்குச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அடுப்படியில் நின்றார். அம்மா குளித்து, சேலை உடுத்திக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரப் பார்த்தார். ஒரு பக்கத்தில் அப்பா, ஒரு பக்கத்தில் நான். அவருக்கு நிற்க இடம் இருக்கவில்லை.

"நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்பா கதிரையை இழுத்து அடுப்புக்குக் கிட்டப் போட்டார். "இரும்" என்றார். "இருந்து சாப்பிட்டுப்போட்டு, எது சரியில்லை எண்டு சொல்லும்."

அம்மா இருந்தார். சுடச்சுட முதல் தோசை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. பிய்த்து, சம்பலில் தொட்டு, மென்று, கண்ணை மூடி யோசித்தார். நாங்கள் இருவரும் தீர்ப்புக்குக் காத்துக்கொண்டு நின்றோம்.

"சம்பலுக்கு இன்னும் கொஞ்சம் புளி வேணும்" என்றார். பிறகு கோப்பையை நீட்டி, "இன்னொண்டு போடும்" என்றார்.